தனியாகச் செய்த பிஸ்கட்

அக்கா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மூடியில் கடலும் சிவப்புக் கூரை போட்ட ஒரு வீடும் வரைந்திருக்கும். விளிம்பில் நிறம் உரிந்து தகரம் தெரிகிறது. அத்தான் இருந்த காலத்தில் அது சனிக்கிழமை நிறையும், வார நடுவிலேயே காலியாகிவிடும். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்கு எப்போது போனாலும் என் கண் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். துணித் தொழிற்சாலையில் வேலை. பேச்சில் கஞ்சன், சாப்பாட்டில் வள்ளல். நண்டுக் குழம்பென்றால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் சாப்பிட்டு முடித்த கோதுகளில் எறும்புக்குக்கூட ஒன்றும் மிஞ்சாது என்று அக்கா கேலி செய்வாள். அப்படிப்பட்ட மனிதர் மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டார். மூத்த மகன் படிப்பை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லி ஊரில் தங்கியிருந்தான். போர் முடிந்த நாட்களில் இராணுவத்தினர் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் யாரும் இல்லை. அவன் திரும்பி வரும்வரை மச்சம் தொடுவதில்லை என்று அக்காவும் அத்தானும் சாமிப் படத்துக்கு முன்னால் நின்று நேர்த்தி வைத்தார்கள்.

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் இனிப்புக் கடை உண்டு. ஒகினாவா தீவிலிருந்து வந்த ஒருவர் எப்போதோ தொடங்கியது. அவருடைய மருமகள் இப்போது நடத்துகிறார். நாங்கள் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கதவைத் திறந்தால் கறுப்புச் சீனி காயும் வாசனை குளிர் அங்கியில் ஏறி வீடுவரை கூட வரும். அங்கே சின்சுகோ என்று விரல் நீளத்தில் ஒரு பிஸ்கட். வாயில் வைத்தால் எங்கள் பயத்தம் பணியாரம் போல உதிர்ந்துபோகும். அத்தானுக்கு அதென்றால் உயிர். நேர்த்தி வைத்த பிறகுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பன்றிக் கொழுப்பு என்று மதாம் சொன்னதும் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த சனிக்கிழமை மதாம் அவரை வீதியில் கண்டு கைதட்டிக் கூப்பிட்டு, எண்ணெயில் தனியாகச் செய்த ஒரு பொதியைக் கையில் கொடுத்தாராம். அத்தான் காரணத்தைச் சொன்னதும் அந்தச் சனிக்கிழமைதான். அதன்பின் வாரம் தவறாமல் அவருக்கென்று தனியாக ஒரு தட்டு அடுப்பில் ஏறியது.

இந்தக் குளிர்காலத்தில் அத்தான் போய்விட்டார். நெஞ்சு நோவென்று படுத்தவர் எழும்பவில்லை. எட்டாம் நாள் செலவு என்னும் சடங்கில் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். நண்டு வைக்க வேண்டும், கணவாய் வைக்க வேண்டும் என்று உறவுப் பெண்கள் அடுக்கினார்கள். அக்கா மறுத்துவிட்டாள்.

"அவர் நேர்த்தியோட போன மனுசன். மச்சம் படைக்க விடமாட்டன். தம்பி, நீ போய் அந்தப் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு வா. அது போதும்."

கடையில் வேறு ஆட்கள் இல்லை. அத்தான் இறந்த செய்தியைச் சொன்னேன். மதாம் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என் முன்னால் தலை குனிந்து நின்றார். பிறகு மகன் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மதாமே தொடர்ந்து சொன்னார். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு சனிக்கிழமை அத்தான் வந்து, இனித் தனியாகச் செய்ய வேண்டாம், எல்லோருக்கும் செய்வதையே தாருங்கள் என்றாராம். மகன் வந்துவிட்டான் என்று மதாம் நினைத்துக்கொண்டார். அவர்கள் வீட்டில் கல்யாணம் போன்ற நல்ல நாளில் பொரிக்கும் ஓர் இனிப்பு உண்டு. உருண்டையாக எண்ணெயில் போட்டால் வெடித்து, சிரிக்கிற வாய் மாதிரி விரியும். அன்று உடனே அதைப் பொரித்துச் சுடச்சுடக் கொடுத்திருக்கிறார். அத்தான் நின்றபடியே சாப்பிட்டார். அழுதுகொண்டே சாப்பிட்டார்.

"நல்ல வேளை, மகனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தானே போனார்" என்றார் மதாம்.

நன்றிக்கு மெர்சி என்று சொல்லி, கொழுப்பில் செய்த அந்தப் பிஸ்கட்டையே வாங்கிக்கொண்டு வீதிக்கு வந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது. அத்தான் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எந்தச் சனிக்கிழமை, எந்த மூலையில் வைத்து அந்த மனிதர் மகனை இறந்தவனாக எண்ணத் துணிந்தார் என்ற யோசனைதான் வந்தது. கடைக்காரியிடம் சொல்லாமல் சொன்னதை வீட்டில் அவரால் சொல்ல முடியவில்லை. அக்காவுக்கு மிஞ்சியிருந்ததோ இருவருமாகக் காத்த அந்த நேர்த்தி ஒன்றுதான். அதையும் நான் எப்படிப் பிடுங்குவது?

படையல் முடிந்தது. வீட்டுக்காரி முதலில் வாயில் வைத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்கலாம் என்று ஒரு மாமி ஒரு பிஸ்கட்டை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். தெரியாமல் அவள் நேர்த்தியை முறிக்கப் போகிறாள். சொன்னால் அத்தான் முறித்தது தெரிந்துவிடும். வாய் திறக்கப் போனேன். அக்கா அதை மூக்கருகில் கொண்டுபோனாள். பிறகு திரும்பவும் இலையில் வைத்துவிட்டு ஒரு வாய் சோறு எடுத்துச் சாப்பிட்டாள்.

எல்லோரும் போன பின்னர் சமையலறையில் வைத்துச் சொன்னாள்.

"முந்தி நானும் அவரோட சாப்பிட்டனான் தம்பி. மணம் மாறின நாளில இருந்து தொடேல்லை. அவர் களைச்சுப் போனார். நான் கேக்கேல்லை. கேட்டா அவர் சொல்லவேண்டி வரும்."

தகரப் பெட்டியைக் கழுவித் துடைத்து மேலே வைத்தாள். "நான் இன்னும் களைக்கேல்லை" என்றாள்.

அத்தானுக்குத் திதி கொடுக்க ஒரு நாள் இருக்கிறது. மகனுக்கு அதுவும் இல்லை. இதை அக்காவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போன மாதம் மறுபடி கடைக்குப் போனேன். எண்ணெயில் தனியாகக் கொஞ்சம் செய்து தர முடியுமா என்று கேட்டேன். யாருக்கு என்றார் மதாம். அக்காவுக்கு என்றேன். சிரித்துக்கொண்டிருந்த முகம் மெல்ல மாறியது. அன்று பொரித்துக் கொடுத்த இனிப்பை அவர் நினைத்திருக்க வேண்டும். தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு, சனிக்கிழமை வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான் இருக்கும் கர்க்லாண்டிலிருந்து நான்தான் கார் எடுத்துக்கொண்டு போகிறேன். அக்கா தகரப் பெட்டியைக் கீழே இறக்குவாள். நான் கொண்டுபோனதில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். பிறகுதான் சாப்பிடுவாள்.