பறக்காத அப்பளம்

கள்ளக்குறிச்சிக் கடையில், கூடை வைத்த ஏர் ஃப்ரையரா, கம்பித்தட்டு வைத்ததா என்று முடிவெடுக்க முடியாமல் நின்றிருந்தேன். டாக்டர் எண்ணெய் கூடாது என்றுவிட்டார். என் கணவரோ அப்பளம் இல்லாமல் சோற்றில் கை வைக்கமாட்டார்.

"கூடையே வாங்கிக்கங்க, எல்லாம் பொரியும்," என்றார் கடைக்கார பாய்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, கல்வராயன் மலையில் சாமை பயிரிடுவதாகச் சொன்னார். கடையில் எதைப் பார்த்தாலும் முறம்போல இரண்டு கையாலும் தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கினார். பாய்க்கு ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது.

"பொட்டிக்குள்ள மேல காத்தாடி சுத்துது. தூத்தும்போது பதரு பறக்காம நிக்குமா பாய்? அப்பளமும் அப்டிதான்," என்றார் அவர்.

"அதெல்லாம் பறக்காதும்மா."

"போட்டுதான் பாக்கலாமே."

என் பையிலிருந்த அப்பளத்தில் ஒன்றைக் கூடைக்குள் போட்டோம். உள்ளே படபடவென்று சத்தம். திறந்தால் கூடை காலி. அப்பளம் மேலே சூடேறும் கம்பியில் ஒட்டிக் கருகிக்கொண்டிருந்தது. அடுத்ததை மற்ற ஃப்ரையரில், இரண்டு கம்பித்தட்டுகளுக்கு நடுவில் அந்த அம்மாவே வைத்தார். கொப்புளம் கொப்புளமாகப் பொரிந்து வந்தது. பாய் அதைக் கடித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் தட்டு வைத்ததை வாங்கினேன். அந்த அம்மா வாங்கியதோ கூடை வைத்தது.

"இன்னாங்க இது?" என்றேன்.

"எங்க வூட்ல அப்பளம் யாரு துன்றாங்க? எனக்கு மரவள்ளிக் கெயங்கு. அது பறக்காது."

பெட்டியை ஒரு குலுக்குக் குலுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு மலை பஸ்ஸுக்கு நடந்தார்.

குலுக்கியதில் அவருக்கு என்ன தெரிந்ததென்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் கடையில் எதை வாங்கினாலும் நானும் ஒரு குலுக்குக் குலுக்கித்தான் எடுக்கிறேன்.