அக்காவின் மண்டைப் படம்

சண்டையால் கரண்ட் இல்லாத வருசங்கள் அவை. எக்ஸ்ரே எடுப்பதற்காக ஆஸ்பத்திரியில் காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் ஜெனரேற்றர் ஓடும். அது நின்ற பிறகு டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத்தான் பார்ப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் ஒழுங்கையில் செல் விழுந்து வெடித்தது. பங்கருக்கு ஓடிய அக்கா மதிலோடு அடிபட்டு விழுந்தாள். பின்மண்டைத் தோலில் சின்ன வெடிப்பு, கொஞ்சம் ரத்தம். எழும்பி நடந்தாள், கதைத்தாள். தலையிடி மட்டும் போகவில்லை. மறுநாள் நானும் அம்மாவும் அவளைச் சைக்கிளில் இருத்தி, குருநகரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உருட்டிக்கொண்டே போனோம்.

டொக்டர் அவளுடைய கண்ணுக்குள் ரோச் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“உந்தத் தலையிடி எனக்குப் பிடிக்கேல்லை. எக்ஸ்ரேயிலை ஒண்டும் இல்லையெண்டால் வெள்ளிக்கிழமைக் கப்பலிலை கொழும்புக்கு அனுப்பவேணும். அங்கை ஸ்கான் எடுத்தால்தான் உள்ளுக்கை என்னெண்டு தெரியும்.” நோயாளரை ஏற்றும் கப்பலின் பட்டியலில் அக்காவின் பெயரையும் எழுதிக்கொண்டார்.

எக்ஸ்ரே எடுப்பவர் கதவடியிலேயே சொன்னார்: “கழுத்திலை காதிலை கிடக்கிறதெல்லாம் கழட்டுங்கோ. ஃபிலிம் ஒண்டுதான் கிடக்கு. பழுதாப்போனால் திருப்பி எடுக்கேலாது.”

அக்கா காதுத் தோட்டைக் கழற்றினாள். கழுத்திலே கறுத்த நூலில் தொங்கிய மாதா சுரூபத்தை மட்டும் கையால் பொத்திக்கொண்டாள். சின்ன விரல் நகமளவு வெள்ளி. மாதா கோயிலில் முதல்நன்மை வாங்கிய அன்று அம்மா போட்டுவிட்டது.

“இதைக் கழட்ட எனக்குப் பயமாக்கிடக்கடி.”

“சும்மா இரு” என்று நான் நூலை அவிழ்த்து, சுரூபத்தை அவளுடைய கொண்டைக்குள் செருகிவிட்டேன். அந்த மெசின் எலும்பை மட்டும்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

“முகத்தை ஏன் தூக்கி வைச்சிருக்கிறாய் தங்கச்சி? கொஞ்சம் சிரியன்” என்றார் எக்ஸ்ரே எடுப்பவர் அக்காவிடம்.

“மண்டையைத்தானே அண்ணை எடுக்கிறியள்?”

“மண்டையும் சிரிக்கும். பல்லெல்லாம் வடிவாத் தெரியும்.”

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

படத்தை டொக்டரிடம் நான்தான் கொண்டுபோனேன். வெளியே வாங்குப் பலகையில் அக்கா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஈரம் காயாத படத்தை டொக்டர் யன்னலில் பிடித்தார். வெள்ளை எலும்பு, கறுத்த கண்குழிகள். நெற்றிக்கு மேலே ஒரு மெல்லிய கோடு, எலும்பை விட வெள்ளையாக.

“இதென்ன? கொண்டையிலை ஊசி, கிளிப் ஏதும் கிடந்ததோ?”

எனக்குக் கொண்டைக்குள் விளிம்பில் நிற்கும் சுரூபம் நினைவுக்கு வந்தது. இருந்த ஒரு ஃபிலிமையும் பழுதாக்கிப்போட்டேன் என்று ஏசுவார்களே என்ற பயமும் வந்தது.

“இல்லை ஐயா.”

“வடிவா யோசிச்சுச் சொல்லு பிள்ளை.”

“இல்லை.”

அவர் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப செல் துண்டுதான். பக்கவாட்டிலை இன்னொரு படம் எடுத்தால் எங்கை நிக்குதெண்டு தெரியும், ஃபிலிம் இல்லை. தோலுக்குக் கீழைதான் போலை. எலும்பு வெடிக்கேல்லை. தலையிடி உதாலைதான். புண் ஆறட்டும், எடுத்துவிடுவம்.”

பட்டியலை எடுத்து அக்காவின் பெயரை வெட்டினார். வெளியே இன்னும் எத்தனையோ பேர் அந்தக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள். ஏச்சு விழவில்லை என்று எனக்குச் சந்தோசமாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கப்பல் போனது. சனிக்கிழமை அக்கா குடித்த கஞ்சியைச் சத்தியெடுத்தாள்.

“துண்டு கிடந்தால் அப்பிடித்தான் இருக்கும்” என்று அம்மா முதுகைத் தடவிவிட்டா. தொட்டால் நோகும் என்று கொண்டையை ஒருவரும் அவிழ்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசை முடிந்து வந்து எழுப்பினா. அக்கா எழும்பவில்லை.

குளிப்பாட்டும்போது நான்தான் கொண்டையை அவிழ்த்தேன். சுரூபம் தண்ணீர்ப் பேசினுக்குள் விழுந்தது. அம்மா அதை எடுத்துக் கண்ணில் ஒற்றினா.

“பாத்தியே பிள்ளை, மாதா கடைசிமட்டும் இவளோடையே இருந்திருக்கிறா.”

அதைத் தன்னுடைய கழுத்தில் கட்டிக்கொண்டா.

அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்தபின் படத்தை எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்றுதான் போனேன். ஏசியிருக்கலாம். அவர் படத்தை மறுபடி யன்னலில் பிடித்து, அந்தக் கோட்டில் கண் வைக்காமல் எலும்புக்குள் இருந்த வெறும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“உள்ளுக்கை கசியிற ரத்தம் உதிலை தெரியாது பிள்ளை. இந்தக் கோட்டைக் கண்டதோடை நானும் வேறை ஒண்டையும் யோசிக்கேல்லை.”

“கப்பலிலை போயிருந்தால் தப்பியிருப்பாவோ ஐயா?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியாது.” பிறகு, “அம்மாட்டைச் சொன்னனியே?”

“இல்லை.”

படத்தை உறைக்குள் போட்டு என் கையில் தந்தார். “அடுத்தாளை வரச்சொல்லு.”

வீட்டுக்கு வர அம்மா குனிந்திருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. சுரூபம் கழுத்திலிருந்து தொங்கி ஆடியது. செதில் ஒட்டிய கையால் அதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு நிமிர்ந்தா.

“டொக்டரிட்டைப் போனியாம். என்னவாம்?”

“ஒண்டுமில்லை அம்மா” என்றேன்.