தகரக் கூரைகளும் ஒரு நீரூற்றும்

அந்த வீட்டில் எனக்குப் பருகக் கொடுத்த தண்ணீர் சுட்டது. குவளையை விரல் மாற்றி விரல் மாற்றிப் பிடித்தவாறு நான் திகைத்து நின்றதைக் கண்ட வீட்டுக்காரப் பெண், "சுட வைக்கலங்க ஐயா. கொடத்துலேர்ந்துதான் மோந்தேன். இங்கிட்டு மத்தியானத்துல தண்ணி இப்படித்தான் இருக்கும்" என்று, அது ஏதோ தன் குற்றம் போலக் கூறினார். சித்திரை மாதத்து நண்பகல். கைநீட்டினால் தொடக்கூடிய உயரத்தில் தகரக் கூரை. அதன் வெம்மை உச்சந்தலையில் அழுத்துவது போலிருந்தது. மூலையில் ஒரு மின்விசிறி அந்த வெம்மையையே வீடு முழுதும் பரிமாறிக்கொண்டிருந்தது. என்னை அங்கே அழைத்துச் சென்ற என் மனைவியின் தங்கை, "குடிங்க அத்தான். தூளைப் போட்டா காப்பி ரெடி. எங்க வார்டுல கேஸு மிச்சம்" என்றாள். எனக்குச் சினம் மூண்டது. யார்மீது என்று அப்போது தெளிவாகத் தெரியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று எங்களுடையது. பேரூராட்சி என்னும் பெயருக்கு அதில் பேரளவாக எதுவுமில்லை. அங்கே என் மைத்துனி தையற்கடை நடத்திவந்தாள். கணவர் அயல்நாட்டில் வேலைபார்த்தார். ஊரிலுள்ள பெண்களின் அளவும் குறையும் அவளுக்கு ஒருங்கே தெரியும் என்பதால் எளிதாகப் பேரூராட்சி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். அவளுடைய பகுதியில்தான் கண்மாய்க்கரைக் குடியிருப்பு இருந்தது. ஒரு பெருமழையில் கரையோரக் குடிசைகள் மூழ்கியபோது, துப்புரவுப் பணியாளர்களும் கல்லுடைப்போரும் கட்டட வேலைக்குச் செல்லும் பெண்களுமாக அங்கிருந்தோரைப் பாறைத்திடல் ஒன்றுக்கு மாற்றித் தகரக் கூரையிட்டுக் குடியேற்றினர். கண்மாய்க்கரை என்ற பெயரும் உடன் வந்தது. தற்காலிக ஏற்பாடு என்றனர். அங்கே பிறந்த குழந்தைகள் இன்று தம் குழந்தைகளை இடுப்பில் சுமக்கின்றனர். தற்காலிகம் மட்டும் மாறவில்லை. மரம் ஊன்றினாலும் பாறையில் வேர் இறங்காது. நிழல் வேண்டுமென்றால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

அத்தகைய குடியிருப்புகளுக்கென்றே அரசு ஒரு சிறப்பு நிதியை வழங்கியது. மாறிவரும் காலநிலையில் வெயிலின் கொடுமையை மிகுதியாகச் சுமப்பவர்கள் எவரோ, அவர்களுக்கே முதலில் நிழல் என்பது அதன் நோக்கம். கூரைகளுக்கு வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு, குழி தோண்டி மண்நிரப்பி நடும் மரங்கள், குடிநீருக்கு நிழற்கூடம் ஆகியவற்றுக்கு அது உரியது. நோக்கத்தில் எக்குறையும் இல்லை. அந்நிதி எங்கள் பேரூராட்சியின் கணக்கில் வந்து சேர்ந்ததுதான் சிக்கல். எந்த நிதியும் அங்கே வந்தவுடன், அதைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்ற சிந்தனை தொடங்கிவிடும்.

மன்றக் கூட்டங்களைப் பார்வையாளர் இருக்கையிலிருந்து நான் பலமுறை கண்டிருக்கிறேன். எழுத்தர் தீர்மானப் பொருள்களை எண்ணைச் சொல்லி விரைவாகப் படிப்பார். உறுப்பினர்கள் கைப்பேசியிலிருந்து தலைநிமிராமல் "ஆல் பாஸ்" என்பர். நடுவில் உளுந்துவடையும் தேநீரும் வரும். வடைத்தட்டு அறைக்குள் நுழைந்தபின் எவர் செவியும் எதற்கும் திறந்திராது. ஆதலால் வில்லங்கமான பொருள்கள் யாவும் வடைக்குப் பிறகே படிக்கப்படும். இந்த நுட்பத்தை எவரும் எவருக்கும் கற்பித்ததில்லை. தலைவர் மாறினாலும் கட்சி மாறினாலும் வடையின் இடம் மாறுவதில்லை. என் மைத்துனி உறுப்பினரான முதல் மாதமே அதைக் கண்டுகொண்டாள். வடை வந்ததும் தன் பங்கைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு, "இப்பத்தான் மெயின் படம். சத்தமாப் படிங்க சார்" என்பாள்.

அப்படித்தான் ஒருநாள், கண்மாய்க்கரை நிதியைக் கடைவீதி முச்சந்திக்கு மாற்றும் முன்மொழிவு வெளிப்பட்டது. அன்னவாசல் பேருந்து திரும்பும் அந்த முனையில் வண்ணவிளக்குகளுடன் ஒரு நீரூற்று அமைப்பார்களாம். நீர் தெறித்தால் காற்று குளிரும். காற்று குளிர்ந்தால் அது வெப்பத்தணிப்புப் பணி. இது பொறியாளரின் விளக்கம். தலைவரின் விளக்கம் அதனினும் மேலானது: "ஒரு காலனிக்கு மட்டும் செஞ்சா அது பாரபட்சம்க்கா. முச்சந்திக்கு எல்லா சனமும் வருது. எல்லாருக்கும் சமமாப் போய்ச் சேரும்ல?" நெருப்பின்மேல் இருப்பவனுக்கும் நிழலில் இருப்பவனுக்கும் ஒரே அளவில் விசிறுவதைச் சமநீதி என்று அம்மனிதர் மனமாரவே நம்பினார். தலைவர் கெட்டவர் அல்லர். ஏழை வீட்டுச் சாவுக்கு முதலில் வந்து நிற்பவர். அதுதான் எனக்குப் பெரும் ஆற்றாமை. தீயவரென்றால் எதிர்க்கலாம். இரக்கமும் உடைய ஒருவர் இப்படிச் சிந்திக்கும்போது என்னதான் செய்வது?

எதிர்ப்புரையை எழுதித் தருமாறு அவள் என்னைக் கேட்டாள். இரண்டு பக்கங்கள் எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு அத்தான். வடைக்கு முன்னாடியே தூங்கிருவாங்க. 'தகரம் சுடுது, நிதியைத் தொடாதீங்க'ன்னு எழுதுங்க" என்றாள். அவ்வாறே எழுதினேன், 'சுடுகின்றது' என்று மட்டும் திருத்திக்கொண்டேன். அந்த ஒரு வரியையும் தலைவர் புன்னகையுடன் பெற்றுக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்பதற்கு எங்கள் மன்றத்தில் உள்ள பொருளை அவளும் அறிவாள், நானும் அறிவேன்.

அவள் வாதிடுவதை நிறுத்திவிட்டு விருந்துக்கு அழைக்கத் தொடங்கினாள். சூடான தண்ணீர் கொடுத்த அப்பெண்ணின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. வெற்றிலை பாக்குத் தட்டுடன் அப்பெண்ணையும் அழைத்துக்கொண்டு தலைவர், பொறியாளர், உறுப்பினர்கள் அனைவர் வீட்டுக்கும் நடந்தாள். தட்டு வைத்து அழைத்தபின் வராதிருப்பது எங்கள் பக்கத்தில் பகைக்கு ஒப்பானது. தேர்தலில் நின்றவர்களோ கனவிலும் அவ்வாறு செய்யார். அனைவரும் வந்தனர். வெளியே துணிப்பந்தல் இட்டிருந்தது. ஓரளவு காற்றும் வந்தது. தலைவர் அங்கேயே அமரப்போனார். "என்ன தலைவரே, ஒங்களைப் போயி வெளிய ஒக்கார வச்சா ஊரு எங்களைக் காறித் துப்பாதா? உள்ள எலை போட்டாச்சு, வாங்க" என்று அவள் கைகாட்டினாள். சிறப்பு விருந்தினர்க்கு உள்ளே இலை போடுவதுதானே மரபு? அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே தகரம் வேய்ந்த இடுக்கில் பாய்விரித்துப் பந்தி அமைத்திருந்தாள். நண்பகல். ஆவி பறக்கும் சோறு. கொதிக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு.

பந்தியின் தலையிலையில் அக்குழந்தையின் பூட்டனார் அமர்த்தப்பட்டிருந்தார். தலையிலைப் பெரியவர் எழும்வரை வரிசையில் எவரும் எழலாகாது. அவர் வாயில் பற்கள் மிகக் குறைவு. ஒவ்வொரு கறித்துண்டையும் அவர் நெடுநேரம் ஆராய்ந்தார். தலைவரின் வெண்சட்டை முதுகோடு ஒட்டியது. பொறியாளர் தம் இலை ஓரத்தைக் கிழித்து விசிறிக்கொண்டார். உறுப்பினர் ஒருவர் மெல்ல எழ முயன்றார். "ஏம்ப்பா, நான் இன்னும் ரசத்துக்கே வரல. அதுக்குள்ள எங்கிட்டு ஓடுற?" என்று பெரியவர் கேட்டதும் மறுபடி அமர்ந்தார். ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு, பிறகு பாயசம். அது இலையில் வழிந்தோடாதபடி ஒவ்வொரு துளியையும் பெரியவர் வழித்து உண்டார். பரிமாறிக்கொண்டிருந்த என் மைத்துனி, "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா தலைவரே? இங்கதான் எல்லாம் சூடாவே இருக்கும்" என்றாள். நானும் அந்த வரிசையில் இருந்தேன். உண்டதென்ன என்று நினைவில்லை. மூச்சுவிட்டது மட்டும் நினைவிருக்கிறது. பின்னர் அவளிடம், பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாயா என்று வினவினேன். "அவரு எப்பவுமே அப்படித்தான் அத்தான். நான் எடம் மட்டுந்தான் பாத்துப் போட்டேன்" என்றாள்.

இத்துடன் அறிவு பிறந்திருக்கும் என்று எண்ணுவோர் எங்கள் மன்றத்தை அறியாதவர்கள். அடுத்த கூட்டத்தில் தலைவர் குரல் தழுதழுக்க எழுந்தார். அந்த வீட்டின் நிலையைக் கண்டு தமக்கு இரவெல்லாம் உறக்கமில்லை என்றார். எனவே அந்த ஒரு வீட்டுக்கு உடனே வெண்பூச்சு அடித்துக் கொடுத்துவிட்டு, எஞ்சிய நிதியில் நீரூற்றை அமைக்கலாம் என்றார். மேசைகள் தட்டப்பட்டன. வடை வேறு வந்துவிட்டது. பார்வையாளர் இருக்கையில் நான் என் நெற்றியில் அறைந்துகொண்டேன். ஒரு குடியிருப்பு முழுதும் வேகும் கொடுமையிலிருந்து இவர்கள் கற்றது, தாங்கள் உண்ட வீடு வெந்தது என்பது மட்டுமே!

அவள் சினக்கவில்லை. தையற்கடைப் பையிலிருந்து ஒரு கட்டு அழைப்பிதழ்களை எடுத்து மேசைமேல் பரப்பினாள். "அடுத்த வெள்ளிக்கிழமை மூணாவது சந்துல வளைகாப்பு. அதுக்கு அடுத்து ஒரு சடங்கு. ஆவணி வரைக்கும் காதுகுத்து இருக்கு. ஒவ்வொரு வீட்டுலயும் ஒக்காந்து சாப்பிட்டாத்தான் ஒங்களுக்கு ஒறைக்கும்னா, ஒக்காருவோம். நாளைக்கே தட்டோட வாரேன்" என்றாள். பொறியாளர்தான் முதலில் பேசினார்: "நீரூற்றை அப்பறம் பாத்துக்கலாங்க." ஆல் பாஸ்.

முதல் சந்துகளில் வெண்பூச்சு ஏறியது. நான் சென்று பார்த்தேன். நிழல் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நண்பகலில் குழந்தைகள் உள்ளே உறங்கினார்கள். பின்சந்துகளுக்கான பணி அடுத்த ஆண்டுக்கு நின்றது. அதை முடிக்க அவள் இல்லை. கடந்த பங்குனியில் நெஞ்சுவலி என்றாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அடங்கிவிட்டாள்.

சென்ற வாரம் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உடன் பொறியாளர். கையில் தட்டு, அதில் வெற்றிலை, பாக்கு, பழம், ஓர் அழைப்பிதழ். மன்றத்தில் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியதாகவும், மறைந்த உறுப்பினரின் நினைவை ஊர் என்றும் போற்றவேண்டும் என்பதற்காக, கண்மாய்க்கரைக்கென்று அவர் காத்துவைத்த எஞ்சிய நிதியில் முச்சந்தியில் அவர் பெயரால் ஒரு நீரூற்று அமைப்பதாகவும், அடிக்கல்லை அவருடைய அக்காவே நாட்டவேண்டும் என்றும் கண்கலங்கக் கூறினார். அக்கண்ணீர் உண்மையானது என்பதை நான் அறிவேன்.

என் மனைவி தட்டைப் பார்த்தாள். எங்கள் திருமண வாழ்வில் வீட்டுக்கு வந்த தாம்பூலத்தை அவள் ஒருமுறையும் வாங்காதிருந்ததில்லை. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பின்சந்துல இன்னும் வெறுந்தகரமாத்தானே தம்பி இருக்கு?" என்று தலைவரைக் கேட்டாள்.

"ஆமாங்கம்மா. அதுக்கு வேற நிதி கேட்டு எழுதியிருக்கோம்..."

"அதை முடிச்சுட்டு வாங்க. அன்னைக்கு நானே எந்திரிச்சு வந்து தட்டை வாங்கிக்கிறேன்."

"அம்மா, இது ஒங்க தங்கச்சி பேருங்கம்மா" என்றார் தலைவர், விளங்காதவராய்.

"அதனாலதான் சொல்றேன்" என்று கூறிவிட்டு அவள் உள்ளே போனாள். ஏந்திய தட்டை இறக்கவும் மாட்டாமல் திருப்பியெடுத்துச் செல்லவும் துணியாமல் தலைவர் வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே வருமாறு நான் அவரை அழைக்கவில்லை.