பாஞ்சாலை அடிக்கும் வெயில்

“கையை நல்லா விரிச்சிகினு நில்லு தம்பி, கொடியில சொக்கா காயற மாதிரி. மூச்சை அடக்கிக்க. அடிக்கிறேன்.”

கொசு மருந்து அடிக்கும் கைப்பம்பை மார்பு உயரத்துக்குத் தூக்கி, பிடியை உள்ளே தள்ளுகிறாள் பாஞ்சாலை. புஸ்ஸென்று ஒரு பழுப்புத் தூவானம் கிளம்பி, எதிரே நிற்கும் நாடக நடிகனின் தோளில் இறங்குகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள். பிடரியில் இன்னொரு புஸ். மூக்குத் தண்டில் ஒன்று, காதின் மேல் விளிம்பில் ஒன்று. தாடைக்குக் கீழே ஒன்றும் கிடையாது. ஏன் என்று கேட்டால் கோபித்துக்கொள்வாள். “வெயில் அடிக்காத எடத்துல நான் எதுக்குய்யா அடிக்கணும்?”

ஆரணியை ஒட்டிய சேவூரில் அவள் வீட்டுக் கொல்லைதான் சாயப் பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது பிழைப்பு. நூலை அரக்கு நிறத்தில் முக்கிய நாளில் அவள் கை முழங்கை வரைக்கும் அரக்கு; மயில் கழுத்து முக்கிய நாளில் கையும் மயில் கழுத்து. தெருவில் அவள் கையை வீசி நடந்தால் அடுத்த வாரம் எந்தத் தறியில் என்ன புடவை ஏறப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள். சொந்த நிறம் நல்ல கறுப்பு. “நம்ம கலரு எந்தக் கடையிலயும் கெடைக்காது. அம்மா வயித்துலயே முக்கி எடுத்தது” என்பாள்.

டவுன் பஸ்ஸில் ஏறினால் சும்மா வரமாட்டாள். பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே வருவாள். “நீங்க வடக்க இருந்து தெக்க சைக்கிள் மிதிக்கிறவருங்களா? எடது கன்னம் மட்டும் காஞ்சிகீதே, காலை வெயிலா?” என்று முன்பின் தெரியாத ஆளிடம் கேட்பாள். அந்த ஆள் கன்னத்தைத் தடவிக்கொண்டே, ஆமாம் என்று ஒப்புக்கொள்வார். சில சமயம் இல்லை என்றும் சொல்வார். அப்போதும் பாஞ்சாலை விடுவதில்லை. “அப்ப வலது பக்கமா படுத்துத் தூங்கறீங்க, வெளிய” என்று முடித்துவிடுவாள்.

பம்பைக் கையில் எடுக்க வைத்தது அவள் கணவர் வேணுகோபால் ஆர்மோனியம் வாசிக்கும் நாடக மன்றம். நடிகர்கள் எல்லோரும் நெசவாளிகள். விடிந்ததும் தறிக்குழிக்குள் காலை விட்டால் பொழுது சாயும்போதுதான் எழுந்திருப்பார்கள். வெயில் அவர்களைப் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர்கள் விவசாயி வேஷம் கட்டினால், முன்வரிசையில் இருக்கும் நிஜ விவசாயிகள் சும்மா இருப்பார்களா? “ஏர் புடிக்கிற ஆளைப் பாரு, உரிச்ச வெங்காயமாட்டம்!” என்று ஒரு முறை எழுந்த சிரிப்பில் நாடகமே நின்றுபோனது. வேணுகோபால் வீட்டுக்கு வந்து புலம்பினார். “நீ நூலுக்கு ஏத்தற. ஆளுக்கு ஏத்த முடியாதா?”

பட்டுக்குப் போடும் சாயம் தோலுக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். வெற்றிலைக்குப் போடும் காசுக்கட்டியைக் கொதிக்க வைத்தாள். டீத்தூள் போட்டாள், மருதாணி போட்டாள், வடிகட்டினாள். கையால் பூசினால் வரி வரியாக நின்றது. அதனால் புதுப் பம்பு ஒன்று வாங்கி அதில் ஊற்றினாள். முதல் ஆட்டத்தில் கதாநாயகன் தலை முதல் கால் வரை ஒரே சிவப்பாக மேடையேறினான். “டேய், செங்கல் சூளை நடந்து வந்துகினு கீதுடா!” என்று கூட்டம் கத்தியது. கூடவே கத்திச் சிரித்தவள் பாஞ்சாலைதான்.

மறுநாள் அவள் நடவு வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். குனிந்து நடுபவர்களுக்கு முதுகிலும் பிடரியிலும் வெயில் ஏறியிருந்தது. நிமிர்ந்து ஏர் ஓட்டுபவருக்கு நெற்றி, மூக்கு, தோள்பட்டை. புருவத்துக்குக் கீழே நிழல். விரலிடுக்கில் வெளுப்பு. “வெயிலு ஒரே மாதிரி பூசறது இல்ல. ஒரு எடத்துல நின்னு பேசுது, ஒரு எடத்துல எட்டிப் பாத்துட்டுப் போவுது” என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அதற்கப்புறம் அவள் அடித்த நிறத்தை யாரும் சாயம் என்று சொன்னதில்லை.

முறை கண்டிப்பானது. வருகிறவன் முந்தின நாளே பீர்க்கங்கூடு போட்டு உடம்பைத் தேய்த்திருக்க வேண்டும். முட்டியிலும் முழங்கையிலும் துளி எண்ணெய். இல்லாவிட்டால் அங்கே நிறம் குடித்துக்கொண்டு திட்டாக நிற்கும். முதலில் பனியனோடு ஒரு தடவை, பிறகு பனியன் இல்லாமல் லேசாக ஒரு தடவை. அடித்தவுடன் உள்ளங்கையை ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். “உள்ளங்கை கறுத்தா திருடன் மாட்டிக்கினான்னு அர்த்தம்.” காய்கிற வரைக்கும் உட்காரக் கூடாது, சாயக் கூடாது, சொறியக் கூடாது. அதற்கப்புறம் சீயக்காய் ஆகாது, துண்டால் தேய்ப்பது ஆகாது. ஒற்றித்தான் எடுக்க வேண்டும். இந்தப் பத்தியம் இருந்தால் ஒரு வாரம் தாங்கும். முதலில் கழுத்துதான் வெளுக்கும்.

இந்தப் பத்தியத்தில் ஒரு ஆட்டத்துக்காக இல்லாமல் அரை வருஷம் இருந்தவன் ஒருவன் உண்டு. ஜெயச்சந்திரன். எழுபத்தெட்டாம் வருஷம் ஆடியில், படவேட்டில் ரேணுகாம்பாள் கோயில் திருவிழாவுக்கு மன்றத்தார் நாடகம் போட்டார்கள். ஜெயச்சந்திரன்தான் விவசாயி வேஷம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தணிகாசலம் வாழையும் நெல்லும் வைத்திருப்பவர், ஆண் பிள்ளை இல்லாதவர். நெசவுக்காரப் பையன்கள் என்றாலே “நெழல்ல வளந்த கீரைத்தண்டு” என்று சம்பந்தங்களைத் திருப்பி அனுப்பியவர். மேடையில் நின்றவனின் தோளைப் பார்த்தார். “இவன் தறி நெய்யறவனாம். ஆனா ஒடம்பு பொய் சொல்லுமா? வயக்காட்டுலயும் பாடுபடறவன்டா” என்றார். விசாரித்ததில் தூரத்து உறவாகவும் இருந்தது; பெண் கொடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஜெயச்சந்திரன் மறுத்திருக்கலாம். ஆனால் அவன் முன்வரிசையில் அவருடைய மகள் ஆதிலட்சுமியைப் பார்த்துவிட்டான். சோகக் காட்சியில் ஊரே மூக்கைச் சிந்த, அவன் ஒட்டு மீசை ஒரு பக்கம் தொங்கியதைக் கண்டு அவள் ஒருத்தி மட்டும் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெண் பார்க்கப் போவதற்கு முந்தின நாள் பாதி வெளுத்த கழுத்தோடு அவன் பட்டறைக்கு ஓடி வந்தான். “அக்கா, அடிங்க!”

“இது நாடகம் இல்ல பாஞ்சாலை” என்றார் வேணுகோபால்.

“வாயால பொய் சொன்னாத்தாங்க பொய்யி. இது கலருதானே?” என்று பம்பை எடுத்தாள் அவள். அவளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. வாரம் தவறாமல் வந்தான். வாரம் தவறாமல் கையை விரித்து நின்றான். ஐப்பசி அடைமழையில் ஊரே வெளுத்தது. அவன் மட்டும் சித்திரை மாதத்து ஆளாகத் திரிந்தான்.

ஒரு நாள் வினை வாசலிலேயே வந்து நின்றது. கூறைப்புடவை எடுக்க ஆரணிக்கு வந்த தணிகாசலம், மாப்பிள்ளை பட்டறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிட்டார். அப்போதுதான் அடித்து முடித்த ஈரத்தோடு ஜெயச்சந்திரன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“இன்னா மாப்ள, இப்டி நிக்கறீங்க?”

“தேகப்பயிற்சி மாமா.”

தணிகாசலம் பூரித்துப்போய் அவன் தோளில் ஓங்கித் தட்டினார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கப் பழுப்பு. அவர் அதைப் பார்ப்பதற்குள், பாஞ்சாலை சாயத் தொட்டியில் கிடந்த நூல் சிட்டம் ஒன்றைத் தூக்கி அவர் கையில் திணித்தாள். “உங்க பொண்ணுப் பொடவைக்கு இந்தக் கலரு புடிக்குமா பாருங்க! ஐயையோ, ஈரமா கீதே, கையில ஒட்டிக்கிச்சா? சாயப் பட்டறைன்னா இதான் பேஜாரு.” அவர் போன பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

தை மாதம். கல்யாணம் படவேட்டில், பெண் வீட்டில். வாழைத்தோப்பு ஓரத்தில் மணையில் உட்கார வைத்து மாப்பிள்ளைக்கு நலங்கு. அவனுக்குச் சளி என்றும், கன்னத்தில் மஞ்சளைத் தொட்டு வைத்தால் போதும் என்றும் பாஞ்சாலை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். பெண்ணின் அத்தை காசியம்மாள் அதை எங்கே கேட்டாள்? நெல் குத்திய கை. எண்ணெயும் சீயக்காயும் குழைத்து, முதுகில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். தண்ணீர் ஊற்றியதும் மணைக்கட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஓடியது.

“ஐயையோ, ஓடியாங்கடீ! மாப்ள சாயம் போவுது!”

ஊரே கூடிவிட்டது. வலது பக்கம் விவசாயியும் இடது பக்கம் நெசவாளியுமாக ஜெயச்சந்திரன் கண்ணில் சீயக்காயோடு உட்கார்ந்திருந்தான். தணிகாசலம் வந்து நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் பாஞ்சாலைக்கு, மனதார நம்பிய ஒருவரை இத்தனை மாதம் வேடிக்கையாக நினைத்துவிட்டோமே என்று உறைத்தது. தோப்பு பக்கத்திலேயே இருந்தது; நழுவியிருக்கலாம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

“அவர ஒண்ணும் கேக்காதீங்க. அடிச்சது நானு.”

“அடிச்சியா? இன்னாத்த அடிச்ச?”

“வெயிலுங்க” என்றாள் பாஞ்சாலை. பிறகு எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

தணிகாசலம் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “அப்ப நீ ஒரு நாளாவது ஏரு புடிச்சிகீறியா?”

“மேடையில புடிச்சிகீறேன் மாமா.”

“என்னை ஏமாத்திட்டீங்க எல்லாருமா” என்றார் அவர்.

அப்போது வீட்டுக் கதவோரத்தில், மஞ்சள் பூசிய முகத்தோடு ஆதிலட்சுமி வந்து நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. நேராகப் பாஞ்சாலையைக் கேட்டாள். “ஏங்க்கா, ஆடியில இருந்து தை வரைக்கும் இவரு இப்டியே பண்ணிகினு இருந்தாரா?”

“வாராவாரம், கண்ணு.”

“கையை விரிச்சிகினா?”

“விரிச்சிகினுதான். குளுர்ல நடுங்கிகினு.”

“எனக்காவா?” என்றாள் ஆதிலட்சுமி. அடுத்த நொடி நாடகத்தன்று பொத்திய சிரிப்பு இப்போது பொத்தாமல் வந்தது. அது காசியம்மாளைத் தொற்றியது; பிறகு கூட்டம் முழுக்கப் பரவியது.

“நீ சிரிக்கிற. ஊரு சிரிக்குமேடி” என்றார் அப்பா.

“காலையில இருந்து அத்தை என்னை வெள்ளையாக்கறேன்னு பவுடரு டப்பாவைத் தூக்கிகினு பின்னாடியே சுத்துது. அத மட்டும் யாரும் ஏமாத்துன்னு சொல்லலியே நைனா?”

காசியம்மாள் இடுப்பில் செருகியிருந்த டப்பாவை முந்தானையால் மூடினாள். தணிகாசலம் மகளைப் பார்த்தார், மணையில் இருந்தவனைப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது.

“அவர பாதியில வெச்சிகினு நிக்காதீங்க” என்றாள் ஆதிலட்சுமி. “முழுசா கழுவி அனுப்புங்க. மீதிய நம்ம கழனி வெயிலு பாத்துக்கும்.”

“நடவுக்கு வருவியாய்யா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“வரேன் மாமா. கத்துக்கறேன்.”

மாப்பிள்ளை வெளுப்பாகவும் பெண் பவுடர் இல்லாத சொந்தக் கறுப்பாகவும் மணையேறினார்கள். தாலி ஏறியதும் பாஞ்சாலை போட்ட குலவை மலையில் மோதித் திரும்பியது. பந்தியில் தணிகாசலமே வாளியோடு வந்து அவள் இலையில் பாயசம் ஊற்றினார். குனிந்து, யாருக்கும் கேட்காமல், “இதே பம்புல எனக்கு அடிச்சா வெள்ளையாக்க முடியுமா?” என்றார்.

“அது நம்ம கையில இல்லீங்க. நம்முது வெயிலு மட்டுந்தான்.”

ஜெயச்சந்திரன் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறான். தறியைச் சில நாள் நிறுத்திவைத்துவிட்டு, வருஷந்தோறும் நடவுக்கும் அறுப்புக்கும் படவேட்டுக்குப் போகிறான். ஆரம்பத்தில் அவன் நட்ட வரிசையைக் கண்டு பெண்கள் கேலி பாடிக் கும்மியடித்தார்களாம். இப்போது மாமனாரே அவனிடம் ஏரைக் கொடுத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்கிறார்.

போன வாரம் அறுப்பு முடிந்து ஒரு வாழைத்தாரோடு வந்து இறங்கினான். வாசலில் நின்றபடியே சட்டையைக் கழற்றினான். “அக்கா, பாருங்க!”

பாஞ்சாலை அவனை வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்ச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “கழுத்துல திட்டு கீது. பனியன் கோடு கோணல். காது ஒண்ணு வுட்டுப்போச்சி. வெயிலுக்கு இன்னா தெரியும்? கண்ட மேனிக்கு அடிச்சிகீது” என்று முனகினாள்.

பிறகு முந்தானை நுனியை எச்சிலில் நனைத்து, அவன் தோள்பட்டையில் வைத்து அழுத்தித் தேய்த்தாள். நுனியை விரித்து, நிறம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.