ஒரு பக்கம் மட்டும் சுற்றிய கைப்பிடி

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால். ஆனால் அது கலைமதிக்கு வரவில்லை, பூபதிக்கு வந்தது.

மாரண்டஅள்ளிப் பக்கம் மாதையன் தோட்டத்தில், போர்வெல்லிலிருந்து ஏற்றிய மோட்டாரைத் தரையில் போட்டு ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்த முனிராஜ், ஈர மண்ணில் அப்படியே சுருண்டார். மாதையன் மெயினை அணைத்துவிட்டு, முனிராஜின் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து, கடைசியாகப் பேசியிருந்த எண்ணைத் தட்டினார். அது முனிராஜின் சிநேகிதன் பூபதியின் எண். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி இறக்கிக்கொண்டிருந்த பூபதி பாதிச் சரக்கை வண்டியிலேயே விட்டுவிட்டுத் தன் குட்டியானை மினி லாரியைப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஓட்டி வந்தான்.

கலைமதி பத்தாம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் கூப்பிட்டு வெளியே வந்தபோது, கேட்டுக்கு அந்தப் பக்கம் லுங்கியெல்லாம் தக்காளிச் சாறோடு பூபதி நின்றான்.

"அண்ணி, அண்ணனுக்கு கரண்டு அடிச்சிருச்சுங்க. தருமபுரிக்குக் கொண்டு போறாங்க. ஏறுங்க."

அவன் முகத்தைப் பார்த்ததுமே மிச்சமும் புரிந்துவிட்டது. அந்த நொடியில் அவளுக்கு முதலில் வந்தது அழுகை அல்ல. இதுவும் இவனுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது என்ற எரிச்சல்.

முனிராஜுக்குப் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மோட்டார் காயில் கட்டும் கடை. ஐ.டி.ஐ. படித்தவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவி எறிந்து, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக ஏற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார். வீட்டுக்கு வரும்போது கூடவே வார்னிஷ் வாசமும் வரும். பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டே இருந்த ஊர், சைக்கிள் வந்தபிறகு சைக்கிளை விசாரிக்கத் தொடங்கியது.

சைக்கிள் வந்தது ஊரடங்கில். ஊரே அடங்கிக் கிடந்தாலும் கிணற்று மோட்டார்கள் எரிவதை நிறுத்தவில்லை. பெட்ரோலுக்கும் போலீசுக்கும் பயந்து, பக்கத்து வீட்டுப் பையனின் பழைய சைக்கிளில் ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். ஒருநாள் அரூர் வரை போய் வந்து, வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் சிரித்துக்கொண்டே நின்றார். கலைமதிக்கு அந்தச் சிரிப்பு புதிது. அவளால் அதை வரவழைக்க முடிந்ததில்லை.

பிறகு பெங்களூரிலிருந்து வளைந்த கைப்பிடி வைத்த ஒரு செகண்ட் ஹேண்ட் சைக்கிள் வந்தது. முதலில் இருநூறு கிலோமீட்டர் ஓட்டங்கள், பிறகு அறுநூறு, கடைசியில் ஆயிரம். இரவென்றும் பகலென்றும் பாராமல் குறித்த கெடுவுக்குள் ஓட்டி முடிக்க வேண்டும். பின்னாலேயே பூபதியின் குட்டியானை போகும். தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டு, சாக்கை மடித்துப் படுக்கை போட்டு, வாழைப்பழமும் உப்புப் போட்ட மோரும் தயிர்சாதமும் ஏற்றிக்கொள்வான். அந்தப் படுக்கையில் முனிராஜ் கண்ணை மூடும் சொற்ப நேரத்துக்கு அவர் காலைப் பிடித்துவிடுவதும் அவன்தான்.

ஒரு தடவை அவள் கேட்டாள்: "அப்படி என்னதாங்க இருக்குது அதுல?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி யோசித்தார். "முன்னூறு தாண்டுனா ஒடம்பு கத்தும் கலை. முட்டி, முதுகு, உக்கார்ற எடம், எல்லாம் சேந்து கத்தும். அதையும் தாண்டிட்டா அப்புறம் ஒன்னும் கேக்காது. நம்ம பேரே நமக்கு மறந்துரும். எவ்வளவு லேசா இருக்கும் தெரியுமா?"

"என் பேரு?"

"பேரு மறந்தா வூடு மறந்துருமா?" என்று சிரித்துவிட்டு ரசம் கேட்டார்.

அவளுக்கு ரசக் கரண்டியைக் கீழே போடலாம்போல இருந்தது. தன்னை மறக்கும்போதுதான் ஒரு மனிதர் லேசாகிறார் என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாரே!

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பூபதியின் வாய். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டத்தில் முனிராஜின் கழுத்து விழுந்துபோன கதையை அவன் சொல்லாத இடமில்லை. அவளே அதை ஒரு கல்யாணப் பந்தியில்தான் தெரிந்துகொண்டாள்.

"கர்நாடகா பார்டரு தாண்டுனதும் தல தொங்கிருச்சுங்க. தூக்கறாரு, நிக்க மாட்டேங்குது. தாடை நெஞ்சுல இடிக்குது. ரோட்டப் பாக்க முடியல. அப்புறம் நாந்தான் பழைய டியூப வார் வாரா அறுத்து, ஹெல்மெட்டுக்குப் பின்னால கட்டி, அத முதுகுப் பக்கமா இழுத்து இடுப்பு பெல்ட்டோட முடிச்சுப் போட்டேன். தல கிண்ணுனு நின்னுருச்சு!"

"ஏன் பூபதி, தலையக் கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு அவரென்ன ஆடா?" என்றார் எதிர் இலைக்காரர்.

"ஆடுன்னா பாதியில படுத்துக்கும். எங்கண்ணன் படுக்க மாட்டாரு."

பந்தியே சிரித்தது. முனிராஜும் சிரித்தார். "அதோட வுட்டேனா? தூக்கக் கலக்கத்துல டோல்கேட்டுக்காரர் கிட்டப் போயி 'மோட்டாரு எத்தன எச்.பி.'ன்னு கேட்டேன்னு சொல்லு" என்று அவரே எடுத்துக் கொடுத்தார். கலைமதியின் இலையில் பாயசம் ஆறிக்கொண்டிருந்தது. வலியில் அவர் முனகுவதை, பிதற்றுவதை, தலை தூக்க முடியாமல் அழுவதை எல்லாம் ஒரு தக்காளி வண்டிக்காரன் பார்த்திருக்கிறான். கட்டியவளுக்குக் கிடைப்பது பந்தியில் பரிமாறிய மிச்சம்.

அவளுக்கென்று வந்தது ஓட்டத்துக்குப் பிந்திய உடம்பு. உட்காரும் இடத்துப் புண்ணுக்கு மருந்து, வீங்கிய முட்டிக்கு ஒத்தடம், ரத்தக்கறை படிந்த கால்சட்டையை உப்புத் தண்ணீரில் ஊறவைப்பது. ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு இன்னொன்றும் வந்தது. இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. நாள்கணக்காகக் கைப்பிடியில் அழுத்தியதில் உள்ளங்கை நரம்பு நசுங்கிவிட்டது என்றார் டாக்டர். ஒன்றிரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று முனிராஜ் எல்லாரிடமும் சொன்னார். மாதங்கள் போயும் சரியாகவில்லை. காலையில் சட்டைப் பொத்தானை அவரால் போட முடியவில்லை. அவர் முன் வந்து நிற்பார். அவள் கீழிருந்து மேலாகப் போட்டுவிடுவாள்.

"பூபதி கிட்டச் சொல்லிராத கலை. தெரிஞ்சா அடுத்த ரேசுக்கு வண்டி எடுக்க மாட்டான்."

"நான் எதுக்குச் சொல்றேன்?" என்றாள். சொல்வாளா? அந்தப் பொத்தான்கள் அவளுக்குக் கிடைத்த சொத்து. கழுத்தைக் கட்டியவனுக்கு இது தெரியாது என்ற நினைப்பே அவளுக்கு நாள் முழுக்க இனித்தது. வகுப்பில் பாடம் நடத்தும்போதுகூட நினைத்துக்கொள்வாள்.

அப்புறம் அந்தச் சாயங்காலம். மறுவாரம் ஒரு ஓட்டம் இருந்தது. கைப்பிடியில் பழைய டேப்பைக் கிழித்துவிட்டுப் புது டேப் சுற்ற உட்கார்ந்தார் முனிராஜ். கம்பி சுற்றியே பிழைத்த கை. ஆனால் டேப்பை இழுத்துப் பிடிக்கச் சுண்டுவிரல் ஒத்துழைக்கவில்லை. இரண்டு சுற்று போட்டதும் நழுவியது. மறுபடியும் நழுவியது. அவள் விடைத்தாள் கட்டை வைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"பூபதியக் கூப்புடட்டுமா?" வேண்டுமென்றேதான் கேட்டாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "வேணாம். நீ சுத்து."

அத்தனை வருடத்தில் அந்தச் சைக்கிளைத் துடைக்கக்கூட அவர் அவளை விட்டதில்லை. இடப்பக்கத்தை அவள் சுற்றினாள். அவர் நுனியைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு சுற்றும் முந்தையதின் பாதியை மறைக்கவேண்டும் என்றார். அவளுடைய சுற்றுகள் ஓரிடத்தில் நெருங்கின, ஓரிடத்தில் விலகின. முடித்ததும் அவர் கையை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. "நல்லாத்தான் இருக்குது" என்றார். குக்கர் விசில் அடித்தது. "அந்தப் பக்கம் நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று எழுந்துகொண்டார்.

மறுநாள்தான் மாதையன் தோட்டம்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து வந்த உடம்பு. குளிப்பாட்ட ஒன்றும் இல்லை. எண்ணெயும் சீயக்காயும் தலையில் பெயருக்குத் தொட்டு வைத்தார்கள். பெஞ்சிலிருந்து தூக்கும்போது ஆள் ஆளுக்குக் கை கொடுத்தார்கள். பூபதி மட்டும் எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து, பிடரிக்கு அடியில் ஒரு உள்ளங்கையை விரித்துக் கொடுத்து, மறுகையால் தாடையைத் தாங்கித் தூக்கினான். அது கற்றுக்கொண்டு செய்வதல்ல, பழகிய கை. எத்தனை ரோட்டோரத்தில் அப்படித் தூக்கியிருப்பான்! சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்த கலைமதி அந்தக் கையையே பார்த்தாள். அவள் அழுகை அங்கே நின்றுபோனது. பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, "அழுதுரு கண்ணு" என்றார்கள். தன் புருஷனின் கழுத்தை எப்படித் தூக்குவதென்று தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

ஊர் ஒரே முடிவாகச் சொன்னது: கரண்டு. விதி. சைக்கிளுக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் பூபதி வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தாழ்வாரத்துச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"ஒன்னே ஒன்னுதான் அண்ணி எனக்கு வெளங்கவே மாட்டேங்குது. அண்ணன் மோட்டார எடுத்த எடுப்புல புடிக்கிற ஆளா? மொதல்ல சுண்டுவெரல வெச்சுப் பாப்பாரு. கரண்டு லீக்கேஜ் கொஞ்சம் இருந்தாலும் வெரலு சொல்லிரும்பாரு. எத்தனையோ தடவ 'சுர்ருங்குது, அணைடா'ன்னு கத்தியிருக்காரு. அன்னிக்கும் வெச்சுப் பாத்தாருன்னுதான் மாதையன் சொல்றாரு. எடது கைய வெச்சுப் பாத்துட்டு, ஒன்னுமில்லன்னு ரெண்டு கையாலயும் புடிச்சாராம். அப்ப வெரலு ஏங்க சொல்லல?"

கலைமதிக்கு வாய் திறந்துகொண்டது. பதில் நாக்கு நுனியில் இருந்தது. அந்த விரல் மாதக்கணக்காக எதுவும் சொல்வதில்லை, பூபதி. நீ தலையைக் கட்டி நிமிர்த்தி ஓட்டிப்போன அந்த ஆயிரம் கிலோமீட்டரில் செத்த விரல் அது. பொத்தான்கூடப் போடத் தெரியாத விரல்.

சொன்னால் அவன் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். பிறகு ஆயுசுக்கும் எழுந்திருக்க மாட்டான். அவளுக்கு அது தெரிந்தது. அவன் அப்படி உட்காருவதைப் பார்க்க ஒரு பக்கம் ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் சொல்லிவிட்டால் அந்த விரலும் அவனுடையதாகிவிடும். டீக்கடையில் சொல்வான், பந்தியில் சொல்வான், சொல்லிச் சொல்லி அழுவான். முனிராஜின் சாவே அவன் சொல்லும் கதைகளில் ஒன்றாகிவிடும். பொத்தான் போட்ட காலைகளையும் தூக்கி அவனுக்கே கொடுத்ததாகிவிடும்.

"தெரியலைங்க பூபதி" என்றாள்.

அவன் மூக்கைச் சிந்திக்கொண்டு சைக்கிளின் கைப்பிடியைத் தடவினான். இடப்பக்கத்தில் கை நின்றது. குனிந்து பார்த்தான்.

"இது அண்ணன் சுத்துனதில்லையே."

"ஏன்?"

"திருப்பிச் சுத்தியிருக்குதுங்க. இப்படிச் சுத்துனா கை வெச்சு அழுத்த அழுத்த அவுந்துரும். அண்ணனுக்கு ஒரு சுத்து பெசகுனாலே ஆகாது, முழுசா அவுத்துட்டு மறுபடியும் மொதல்ல இருந்து சுத்துவாரு. அன்னிக்குக் காலையில போன் பண்ணப்பகூட டேப்பு பாதி முடிஞ்சிருச்சுடான்னாரே. யாருங்க சுத்துனது?"

"நான்தான்."

"நீங்களா? அண்ணன் பாக்கலையா?"

"எதுத்தாப்புல உக்காந்து நுனியப் புடிச்சுக்கிட்டு இருந்தாரு."

பூபதி கைப்பிடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். தலை தொங்கியபோது கட்டியவன், கால் பிடித்தவன், கழுத்தைத் தூக்கியவன், முதல் தடவையாக வெளியே நிறுத்தப்பட்டவன்போல நின்றான். அந்த முகத்தைக் கலைமதிக்கு நன்றாகத் தெரியும். கல்யாணப் பந்தியில் பாயசத்தின் முன்னால் அவள் வைத்திருந்த அதே முகம்.

அழுத்திப் பார்த்தபோது அவர் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது எது என்று அவளுக்கு இப்போது புரிந்தது. தப்பு என்று தெரிந்தேதான் விட்டிருக்கிறார். போனில்கூட இவனிடம் சொல்லவில்லை.

"சும்மா இருக்கறேன் அண்ணி. இத அவுத்துட்டு ரெண்டு பக்கமும் சரியாச் சுத்திக் குடுத்துட்டுப் போறனுங்களா? பத்து நிமிசம்."

"வேணாம் பூபதி."

"சரி, இது இப்படியே இருக்கட்டும். அந்தப் பக்கமாவது?"

"வேணாங்க. டீ குடிச்சுட்டுப் போங்க."

அவன் டீ குடிக்காமலே போனான். குட்டியானை தெருமுனை திரும்பும் சத்தம் கேட்கும்வரை அவள் சைக்கிளின் பக்கத்திலேயே நின்றாள்.

சைக்கிள் இன்னும் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. இடப்பக்கம் சுற்றிய டேப் ஓரத்தில் லேசாகப் பிரியத் தொடங்கியிருக்கிறது. வலப்பக்கத்துக்கான சுருள் உறைகூடப் பிரிக்காமல் வெறும் கம்பியில் தொங்குகிறது.