வேடியப்பனின் வேட்டி

கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது நான் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறேன். கூட வேலை செய்யும் கிளவுஸ், "காலில் வலியா?" என்று கேட்டான். திரையில் சாமி இருக்கிறது என்று என் அரைகுறை ஜெர்மனில் சொன்னேன். அவன் மருந்துக்கடைக்கு வழி சொன்னான். மூன்று வருடமாக எல்லாமே இப்படித்தான். விளக்கிச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் எனக்கு வேலை. பழைய கற்சிலைகளைப் போட்டோ பார்த்து, கம்ப்யூட்டரில் புள்ளி புள்ளியாக வரைந்து சேமிக்க வேண்டும். கல் தேய்ந்தாலும் படம் இருக்கும் என்பது இவர்கள் நம்பிக்கை. மாரண்டஹள்ளிப் பக்கம் எங்கள் காட்டோரம் நிற்கும் வேடியப்பனையும் இதில் சேர்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். என்றோ சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட கல்தான் எங்களுக்குக் குலசாமி. இவ்வளவு தூரத்தில், என்னுடையது என்று காட்ட வேறென்ன இருக்கிறது?

தம்பி மாதையன் பாலக்கோட்டு ஸ்டுடியோக்காரரை அழைத்துப்போய் எடுத்தனுப்பிய போட்டோவில் முகம் முழுக்க மஞ்சள், கழுத்துக்குக் கீழே வேட்டி. அப்படியே வரைந்து வைத்தேன். "கல்லில் வெட்டிய எழுத்து துணிக்கடியில் இருக்கும். அது இல்லாமல் சேர்க்க முடியாது" என்றான் கிளவுஸ். வேட்டியை அவிழ்த்துவிட்டு எடுக்கச் சொல்லி ஊருக்கு எழுதினேன். பதில் வர ஒரு மாதம் ஆயிற்று. கல்லின் இரண்டு தோளிலும் பூவை ஒட்டிச் சாமியிடம் உத்தரவு கேட்டார்களாம். வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். விழுந்தது இடப்பக்கம். எரிச்சலில் மாதையன் வேலை செய்யும் காய்கறி மண்டிக்கே போன் போட்டேன்.

"இன்னொரு தடவை கேளுடா."

"எங்களுக்குச் சாமி சொல்லிருச்சுங்கண்ணா. உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து கேளுங்க. வூட்டுப் பக்கம் வந்து எத்தினி வருசமாச்சு?"

லைன் இரைந்துகொண்டே இருந்தது.

"நினைவிலிருந்து வரையேன்" என்றான் கிளவுஸ். அப்போதுதான் உறைத்தது, வேட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. துணி மாற்றும்போது பூசாரி திரை கட்டிவிடுவார்; திரை விலகியபின் கடைசி முடிச்சைப் போடுவது மட்டும் மாதையன். கும்பிட்டே வளர்ந்தவனுக்குத் தெரியாதா என்று அவன் சிரித்தான். அவமானமாக இருந்தது.

அவன் சாப்பிடப் போன நேரத்தில், திரையில் இருந்த வேட்டியை அழித்துப் பார்த்தேன். அடியில் வெறும் கறுப்பு. பதறிப்போய், புள்ளி புள்ளியாகத் திரும்பவும் கட்டினேன். மாதையன் போடும் முடிச்சு மட்டும் எனக்கு வரவேயில்லை.