கட்டை விரலில் ஒட்டிய நீலம்

எங்கள் மேனேஜரை நினைத்தால் அவருடைய முகத்துக்கும் முன்பே வலது கட்டை விரல்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. தட்டையான, அகலமான விரல். நக இடுக்கில் எப்போதும் மூக்குப்பொடி அப்பியிருக்கும். ஒரு சிட்டிகை உறிஞ்சிவிட்டு விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொள்வார். பிறகு அதே விரலால் என் மேஜைமேல் இருக்கும் காகிதத்தைத் தொட்டு, "இது என்ன?" என்பார். காகிதத்தில் பழுப்பாக ஒரு தடம் விழும்.

போன வாரம் என் மருமகள் சாப்பாட்டு மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, டம்ளரிலிருந்த அக்ரிலிக் கலர்களைக் கான்வாஸின் மேல் கவிழ்த்தாள். தூரிகையே வேண்டாமாம். ஊற்றிச் சாய்த்தால் கலர்கள் ஒன்றுக்குள் ஒன்று ஓடித் தாமாகவே படமாகிவிடும் என்றாள். படம் அழகாகத்தான் இருந்தது. என்னால்தான் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். பாவம், இந்த விஷயத்தைத் தான்தான் எனக்குப் புதிதாகக் காட்டுகிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அறுபதுகளில் செம்பூரில் ஒரு சின்னப் பெயிண்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். கலர்களைக் கலந்து பரிசோதித்துப் பார்க்கும் அறையில் உதவியாளர் வேலை. அப்பா வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அதே தெருவில் இருந்த மேனேஜரிடம் அப்பா நடையாய் நடந்து வாங்கித் தந்த வேலை அது. ஆபீஸில் அவர் எனக்கு சார், தெருவில் மாமா. வேலையை நிரந்தரமாக்குவதும் நிறுத்துவதும் அவர் சொல்லில் இருந்தது.

அக்ரிலிக் அப்போது எங்களுக்குப் புதிது. பால் போன்ற ஒரு பிசின் வெளிநாட்டிலிருந்து மாதிரிக்கு வந்திருந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் யாரோ கலரை ஊற்றிப் படம் செய்வதைப் பார்த்துவிட்டார் மேனேஜர். அன்றோடு என் நிம்மதி போயிற்று. அப்படி ஒரு படம் செய்து, கம்பெனியின் காலண்டரில் தன் பெயரோடு அச்சடித்துவிட வேண்டும் என்ற வெறி அவருக்கு. ஆனால் அவர் கையில் ஒரு சொட்டுக் கலர் பட்டதில்லை. கலப்பது நான், ஊற்றுவது நான், கான்வாஸைத் தூக்கிச் சாய்ப்பதும் நான். அவர் பக்கத்தில் நின்று பொடி போடுவார். ஈரப் படத்தின் மேலேயே தும்முவார். எச்சிலும் பொடியுமாகப் புள்ளி புள்ளியாய் விழுந்ததை நான் துணியால் ஒற்றப் போனால், "விடு, அதுவும் ஒரு அழகுதான்" என்பார். சிரித்துத் தொலைக்க வேண்டும். அந்தச் சிரிப்பை நினைத்தால் அவர்மேல் வரும் அருவருப்பில் பாதி என்மேலேயே வருகிறது.

தோசை மாவுப் பதத்தில் கலந்தால் ஓடும், சீக்கிரமும் காயும். அவருக்கோ அடை மாவாக வேண்டும். தடிமனாக ஊற்றினால்தான் ராஜகளையாம். மழை விட்டும் ஈரம் போகாத நாட்கள் அவை. படத்தின் மேல் பாலில் படிவது போல ஆடை படிந்ததே தவிர, அடியில் கூழ் கூழாகவே கிடந்தது. ஆயுத பூஜையன்று அதைச் சுவரில் மாட்டி முதலாளியிடம் காட்டத் திட்டம்.

"சார், மேலாப்புலதான் காஞ்சிருக்கு. உள்ள ஈரம். நிமிர்த்தி வெச்சா வழிஞ்சுடும்" என்றேன்.

"ராகுகாலத்துக்கு முன்னாடி மாட்டியாகணும். நீ வாயை மூடிண்டு நூலைக் கட்டு, குழந்தே."

மாட்டினோம். முதலாளி சேட் வந்தார். கலக்கும் மெஷின், தராசு, டைப்ரைட்டர் என்று எல்லாவற்றுக்கும் மேனேஜர் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். கடைசியாகப் படத்துக்கு வந்தார். சட்டத்தில் வைத்திருக்கலாம். அவருக்குப் படத்தின் நட்டநடுவில் வைக்க வேண்டும். கட்டை விரலை அழுத்தினார். ஆடை கிழிந்து விரல் உள்ளே போயிற்று. அவர் இழுத்ததும் அந்த ஓட்டையிலிருந்து நீலமும் மஞ்சளும் சந்தனமும் பழுத்த கட்டி உடைந்த மாதிரி வழிந்தன. மொத்தப் படமும் தொங்கிச் சரிந்து, பூஜைத் தட்டில் இருந்த பொரியின் மேல் பொத்தென்று விழுந்தது. அதற்குப் பிறகு நான் பால் ஆடையைத் தொட்டதில்லை.

அந்தப் பக்கம் பூஜைக்கு வைத்த பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்த சேட் சத்தம் கேட்டுத் திரும்பினார். "யே கிஸ்னே கியா?" என்று, யார் செய்தது இதை என்று கத்தினார். மேனேஜர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, இடது கையால் என்னைக் காட்டினார். "இஸ் லட்கீனே. சுகாயா நஹீ." இந்தப் பெண் சரியாகக் காயவைக்கவில்லையாம். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சேட், "நிகாலோ இஸ்கோ", இவளை வெளியே அனுப்பு என்று சொல்லிவிட்டு நடந்தார். அத்தோடு என் வேலை போயிற்று.

அன்று சாயங்காலமே மேனேஜர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். எனக்கு எரிந்தது. "வேற வழியில்லை ஓய். முதலாளி கோபம். மனசுல வெச்சுக்காதீங்கோ" என்று சொல்லிக்கொண்டே, அம்மா வைத்த சுண்டலை அந்த விரலாலேயே அள்ளி அள்ளித் தின்றார். நகத்தைச் சுற்றி நீலம் ஒட்டி உலர்ந்திருந்தது.

அப்பா தண்ணீர் பிடிக்க வெளியே குழாயடிக்குப் போன நேரம், அவர் குரலைத் தாழ்த்தினார். வந்த காரியமே அதுதான். "குழந்தே, இது எதுக்கும் போக மாட்டேங்கறது. சோப்பு, சீயக்கா எல்லாம் போட்டாச்சு. நாளைக்குச் சேட் மறுபடி வரார். கையைப் பார்த்தார்னா கேப்பார். நீதானே தினம் கலப்பே? ஏதாவது வழி உண்டா?"

என்னை நடுத்தெருவில் விட்டுவிட்டு என்னிடமே வழி கேட்க அந்த மனுஷனுக்குக் கூசவில்லை. சுண்டல் ஒட்டிய அந்த விரலை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை மாமா" என்றேன். "அது ஒட்டினா ஒட்டினதுதான்."

சேட் அதைப் பார்த்தாரா, கேட்டாரா, எனக்குத் தெரியாது. என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. சயானில் வேறு வேலை கிடைக்கும்வரை அம்மாவின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக்குப் போயின.

பால்கனிக்கு மருமகள் வந்து என் எதிரே கையை விரித்துக் காட்டினாள். கட்டை விரல் நகத்தைச் சுற்றி நீலம். "எவ்வளவு அலம்பியும் போகலைம்மா."

"தேங்காய் எண்ணெய் தடவித் தேய்ச்சுட்டு அலம்பு" என்றேன். "ரெண்டு நிமிஷத்துல போயிடும்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெயிண்ட் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே தெரியும் என்றேன்.